இடது முன் டயர்

பாபநாசம் கடைத்தெருவில் மெக்கானிக் சிங்காரவேலுவைத் தெரியாதவர் கிடையாது என்று சொன்னால் அவர் பூரித்துப்போவார். ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுவோம். ஆள் குட்டை, தோள் மட்டும் அகலம். பிறந்தது நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில். அப்பன், பாட்டன், மாமன், மச்சான் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். இவருக்கோ படகில் கால் வைத்தாலே வாந்தி. கரையில் உட்கார்ந்து படகு இன்ஜினைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டார். கடல் ஒத்துக்கொள்ளாத மீன்காரனை அந்த ஊர் என்னென்ன பேசியிருக்கும்! அந்தப் பேச்சுக்குத் தப்பி ஓடிவந்துதான் பாபநாசம் ரயில்வே கேட் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டார். சம்சாரம் எல்லையம்மாள் மார்க்கெட்டில் மீன் விற்றாள். இருவருக்கும் வாய் நீளம். மூன்றாவதாக அந்த வீட்டில் பிள்ளை குட்டி இல்லை.

ஊரில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்காத இடம் ஒன்று உண்டு. மிராசுதார் பஞ்சநதத்தின் மகன் பசுபதி வைத்திருந்த பியட் காரின் முன்சீட்டுதான் அது.

பசுபதி சென்னைக்குப் படிக்கப் போய், படிப்பை அங்கேயே விட்டுவிட்டுக் கார்ப் பந்தயப் பைத்தியத்தை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்தவன். சென்னைக்கு வடக்கே பழைய விமானத் தளம் ஒன்றில் கார் கிளப்காரர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடுபாதையைத் திறந்துவிடுவார்கள். காசு கட்டியவர்கள் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஆசை தீர விரட்டலாம். தை மாதத்தில் அங்கேயே பெரிய பந்தயம். சனிக்கிழமை காலையில் பியட் கடைத்தெரு வழியாகப் புறப்படும். இடது பக்கம் முன்சீட்டில், முழங்கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு சிங்காரவேலு உட்கார்ந்திருப்பார். மீன் கூடையோடு நிற்கும் எல்லையம்மாளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒரு தலையசைப்பு வேறு.

"கவர்னரு போறாரு, வழி விடுங்க!" என்று அவள் மார்க்கெட்டுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். அவருக்கு அதுவும் பிடிக்கும்.

கட்சி இரண்டாக உடைந்து, டீக்கடையில் அண்ணன் ஒரு பெஞ்சிலும் தம்பி ஒரு பெஞ்சிலுமாக உட்கார ஆரம்பித்த அந்த ஐப்பசியில்தான் டயர் தொல்லை தொடங்கியது.

டயர் நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. இது சைக்கிள் கடைக்காரனுக்கும் தெரியும். பசுபதியின் காரில் தேய்ந்தது இடது முன் டயரின் வெளி ஓரம் மட்டும். அங்கே கையை வைத்தால் வழவழவென்று வழுக்கியது. உள் ஓரத்தில் கடையில் வாங்கிய அன்று இருந்த ரப்பர்ப் பட்டன்கள் அப்படியே இருந்தன. சிங்காரவேலு ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரத்துக்கு நூல் கட்டி இழுத்து, முன் சக்கரங்கள் கோணாமல் நேராக நிற்கும்படி திருகி வைத்தார். புது டயரும் மாட்டினார். அடுத்த மாதம் போய்வந்தபோது புது டயரிலும் அதே ஓரம் அதே மாதிரி போயிருந்தது.

"ஒன் சீட்டுக்குக் கீழே இருக்கிற டயருதானே? ஒன் பாரத்தைத் தாங்காமதான் தேயுது," என்றாள் எல்லையம்மாள்.

"சும்மா கெடடி."

பசுபதி சிரிக்கவில்லை. ஒரு நாள் கொட்டகைக்கு வந்தபோது கூட ஒருவனை அழைத்து வந்தான். "சிங்காரம், இது நம்ம காத்தாயி மகன் வைரக்கண்ணு. மெட்ராஸ்ல ரேஸ் வண்டி பட்டறையில வேலை பார்த்தவன். அவனும் ஒரு தரம் பார்க்கட்டுமே."

"பாக்கட்டும் தம்பி, தாராளமாப் பாக்கட்டும். எனக்கென்ன?" என்றார் சிங்காரவேலு. எனக்கென்ன என்று சொல்லும்போதே நெஞ்சுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது.

காத்தாயி பஞ்சநதத்தின் பண்ணையில் களத்து வேலை பார்ப்பவள். புருஷன் இல்லை. பண்ணை நிலத்து ஓரத்தில் குடிசை. குடியிருக்கும் மனை குடியிருப்பவர்களுக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டதும், அவளும் தாலுகா ஆபீசில் மனு கொடுத்திருந்தாள். பஞ்சநதத்துக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். நிலத்துக்கு உச்சவரம்பைக் குறைத்து, மாமியார் பேரிலும் மச்சினி பேரிலும் எழுதிவைக்கும்படி செய்துவிட்டார்கள். கூலி உயர்வு கேட்டு வரப்பெல்லாம் கொடி. இப்போது தன் களத்தைக் கூட்டுகிறவளே தன்மேல் மனு போட்டுவிட்டாளே என்று அவர் கொதித்தார். அம்மாவுக்குத் துணையாக இருக்கத்தான் வைரக்கண்ணு தீபாவளிக்கு வந்தவன் திரும்பிப் போகாமல் தங்கிவிட்டான்.

வைரக்கண்ணு டயரைத் தடவினான். குறுக்கே சாக்பீஸால் பட்டையாகக் கோடு போட்டு, பசுபதியை வண்டியோடு ஒரு வளைவு வேகமாகத் திரும்பி வரச் சொன்னான். வந்ததும் பார்த்தால் வெளி ஓரத்தில் மட்டும் சாக்பீஸ் அழிந்திருந்தது.

"நூல் சரியாத்தான் இருக்குண்ணே. சக்கரத்தோட தலை வெளியே சாஞ்சிருக்கு. கொஞ்சம் உள்ள சாய்க்கணும். தூக்குக் குண்டு விட்டு அளந்து, இடுக்குல மெல்லிசாத் தகடு வச்சா சரியாயிடும்," என்றான்.

'அண்ணே' என்று மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் சிங்காரவேலுவுக்கு இன்னும் எரிந்தது. திமிராகப் பேசியிருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆறியிருப்பார். அவன் சட்டை வெளுப்பாக இருந்தது ஒரு குற்றம். எண்ணெய்க் கையை அந்தச் சட்டையில் துடைக்காதது இன்னொரு குற்றம். பசுபதி அவனை 'வைரம்' என்று கூப்பிட்டதைக் கேட்டபோது காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. பொறாமை என்று அதற்குப் பேர் வைக்க அவர் தயாராக இல்லை. நேற்று வந்தவனுக்கு என்ன தெரியும் என்று மட்டும் போகிற வருகிற ஆளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தூக்குக் குண்டு விட்டு அளக்க வேண்டுமானால் தரை மட்டமாக இருக்க வேண்டும். அந்தச் சுற்றுவட்டத்தில் பெரிய சிமெண்டுத் தரை என்றால் பஞ்சநதத்தின் வீட்டுக்குப் பின்னால் இருந்த நெல் களம்தான். "களத்துலயே பார்த்துடலாம் வைரம்," என்றான் பசுபதி.

சிங்காரவேலுவின் காதில் அது தேனாகப் பாய்ந்தது. ஏனென்றால் அந்தக் களம் மட்டமே இல்லை. மழைத் தண்ணீர் நெல்லில் நிற்கக்கூடாது என்பதற்காகக் களத்துக்கு எப்போதும் வாட்டம் வைத்துத்தான் தரை போடுவார்கள். பஞ்சநதம் கூடவே சாஸ்திரமும் பார்த்து, தண்ணீர் வடகிழக்கே ஈசானி மூலைக்குத்தான் போக வேண்டும் என்று கொத்தனார் பக்கத்திலேயே நின்று போடவைத்தார். கண்ணால் பார்த்தால் தெரியாத சாய்வு. சிமெண்டு போட்ட வருஷம் சிங்காரவேலு காரை அங்கே நிறுத்திவிட்டுத் திரும்பினார். அது தன்பாட்டுக்கு ஈசானி மூலை வாய்க்காலைப் பார்க்க நகர ஆரம்பித்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் களத்தில் காரை நிறுத்தினால் முன் சக்கரத்துக்கு ஒரு அரைச் செங்கல் முட்டுக் கொடுப்பது அவர் வழக்கம்.

அளக்க வந்த அன்று வைரக்கண்ணு காரை வடக்கே பார்க்க நிறுத்தினான். கீழே கிடந்த அரைச் செங்கல்லை எடுத்து முன் சக்கரத்துக்கு முட்டாக வைத்தான். என்னைப் பார்த்துக் காப்பியடிக்கிறான் திருட்டுப் பயல் என்று சிங்காரவேலு மனதுக்குள் திட்டினார். அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. பொறாமைக்காரனுக்கு அதற்கு மேல் யோசனை ஓடாது.

வைரக்கண்ணு தூக்குக் குண்டைச் சக்கரத்தின் ஓரமாகத் தொங்கவிட்டான். நூலுக்கும் சக்கரத்துக்கும் மேலே எவ்வளவு இடைவெளி, கீழே எவ்வளவு என்று பார்த்தான். பசுபதி பக்கத்தில் குந்தி ஸ்கேலைப் பிடித்துக்கொண்டான். மிராசுதார் மகன், களத்துக்காரி மகனுக்கு ஸ்கேல் பிடிக்கிறான்! சிங்காரவேலுவுக்கு இத்தனை வருஷத்தில் ஒரு ஸ்பானர் எடுத்துக் கொடுத்திருப்பானா?

தரை சாய்வு தம்பி என்று ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்தது. மெட்ராஸ் மூளைதானே, அதுவே கண்டுபிடிக்கட்டும் என்று முழுங்கினார். பசுபதி தன் சிகரெட்டில் ஒன்றை எடுத்து அவனுக்கு நீட்டியபோது அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

"எனக்குக் கொட்டகையில வேலை கெடக்குது தம்பி," என்று கிளம்பிவிட்டார். கொட்டகையில் ஒரு வேலையும் இல்லை. ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாப்பிடும்போது எல்லையம்மாளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "தரையே சாய்வு. அவன் அளந்தது பூரா தப்பு. ஞாயித்துக்கெழமை தெரியும் பாரு அவன் லட்சணம்."

அவள் குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே வைத்தாள். "அந்த வண்டியை ஓட்டுறது யாரு? தம்பிதானே? தம்பிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆவாது. டயருதான் தேயும்."

"நீ இருக்கியே," என்றாள். அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை பியட் கடைத்தெரு வழியாகப் போனது. முன்சீட்டில் வைரக்கண்ணு. முழங்கையை வெளியே போடவில்லை; இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தான். உட்காரத் தெரிகிறதா பார் என்று சிங்காரவேலு பல்லைக் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெல்டிங் புகை என்று சொல்லிக்கொள்ளக்கூட அன்றைக்கு வெல்டிங் இல்லை.

திங்கட்கிழமை பண்ணை வீட்டிலிருந்து ஆள் வந்தது, உடனே வரச் சொல்லி. போய்ப் பார்த்தால் லாரியில் ஏற்றிவந்து இறக்கிய பியட் களத்தில் நிற்கிறது. முன் பக்கம் நசுங்கியிருந்தது. இடது முன் டயரின் வெளி ஓரம் தேய்ந்து, உள்ளே இருக்கும் நூல் தெரிந்து, கிழிந்து தொங்கியது. வளைவில் டயர் கிழிந்து, கார் சுழன்று மணல் மூட்டையில் மோதியிருக்கிறது. பசுபதியின் நெற்றியில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். நல்ல வேளை, அதோடு போனது.

நடுக் களத்தில் வைரக்கண்ணு நின்றான். காத்தாயி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றாள். பண்ணை ஆட்கள் சுற்றிலும் நின்றார்கள். பஞ்சநதம் நாற்காலியில் உட்காராமல் குதித்துக்கொண்டிருந்தார்.

"எம்மேலயே மனு போட்ட குடும்பம்! அதுக்கு ஆத்தாளும் மவனுமாச் சேர்ந்து எம்புள்ளையைக் கொல்லப் பாத்திருக்கீங்க! வேணும்னே சக்கரத்தைக் கெடுத்து வச்சிருக்கே!"

"இல்லீங்கய்யா," என்றான் வைரக்கண்ணு. "அந்தப் பாதையில வளைவெல்லாம் வலக்கைப் பக்கமே வருதுங்க. வலப்பக்கம் திரும்பத் திரும்பப் பாரம் பூராவும் இடது முன் டயர்லதான் ஏறும். என்னதான் சரி பண்ணாலும் அதுதான் முதல்ல தேயும். அப்பப்ப நிறுத்தி டயரை மாத்திப் போட்டுக்குங்கன்னு சின்னய்யாகிட்ட சொன்னேங்க."

எல்லாரும் பசுபதியைப் பார்த்தார்கள். ஓட்டுகிற வெறியில் அவன் நிறுத்தியிருக்கவே மாட்டான் என்பது சிங்காரவேலுவுக்குத் தெரியும். அப்பா முன்னால் அதை ஒத்துக்கொள்ள அவனுக்குத் தைரியம் இல்லை. வீக்கத்தைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"ரோடு வளைஞ்சா டயர் கிழியுமா? யாருகிட்டடா கதை விடறே?" பஞ்சநதம் திரும்பினார். "சிங்காரம், நீ வா இங்க. நீ தொழில் தெரிஞ்சவன். பாத்துச் சொல்லு. இவன் வேணும்னே பண்ணதுதானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு போதும். போலீசுக்கு இப்பவே ஆள் அனுப்பறேன். குடிசையை இன்னிக்கே பிரிச்சுடறேன். இனிமே வண்டியில ஒன் கையைத் தவிர வேற எவன் கையும் படாது."

தலையை ஆட்டினால் போதும். முன்சீட்டு திரும்பக் கிடைத்துவிடும். 'வைரம்' என்ற சத்தமே இனிமேல் காதில் விழாது. கேட்டது அப்படியே தட்டில் வைத்து நீட்டப்பட்டிருக்கிறது. சிங்காரவேலு காத்தாயியைப் பார்த்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. வாய்க்காலுக்கு அப்பால் தெரிந்த தன் குடிசைக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டயருதான் தேயும் என்று சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. சே, என்ன மனுஷன் நான் என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"ஒரு குடம் தண்ணி கொண்டாங்க," என்றார்.

கொண்டுவந்தார்கள். காருக்குப் பின்னால் தரையில் கவிழ்த்தார். தண்ணீர் கொஞ்சம் பரவி நின்றது. பிறகு மெதுவாகக் கிளம்பி, காருக்கு அடியில் புகுந்து, வலது முன் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நேரே ஈசானி மூலைக்குப் போய் வாய்க்காலில் விழுந்தது.

"தரையே சாய்வுங்கய்யா. இதுல வச்சு அளந்தா அளவு தப்பாத்தான் வரும். பையன் மேல தப்பு இல்லீங்க. தரை பண்ண வேலை இது."

பஞ்சநதம் தண்ணீர் போன தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வாட்டம் அவர் பக்கத்தில் நின்று வைக்கச் சொன்னது. ஆட்கள் பக்கமிருந்து யாரோ இருமினார்கள். அது இருமல்தான் என்று சத்தியம் பண்ண முடியாது. போலீஸ் பேச்சும் குடிசைப் பேச்சும் அவர் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டன.

அதோடு முடிந்திருக்கும். பசுபதிதான் தலையை நிமிர்த்தினான். "சிங்காரம், இங்க வண்டி நிறுத்தினா எப்பவும் செங்கல்லு வைப்பீங்களே நீங்க?"

சிங்காரவேலு குடத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப சாய்வுன்னு உங்களுக்கு முன்னாலேயே தெரியும். அன்னிக்கு அளக்கிறப்ப பக்கத்துலதானே நின்னீங்க? ஏன் சொல்லலை?"

என்ன பதில் சொல்வது? அவன்மேல் எனக்குப் பொறாமை என்று மிராசுதார் களத்தில் நின்று சொல்ல முடியுமா? சொன்னார். "வயித்தெரிச்சல் தம்பி. வேற ஒண்ணும் இல்லே," என்றார். அவர் ஆயுசிலேயே சொன்ன மிகச் சின்னப் பேச்சு அதுதான்.

பஞ்சநதத்தின் கோபத்துக்குப் போக ஒரு இடம் கிடைத்துவிட்டது. மீன் நாற்றத்தில் ஆரம்பித்து, பிறந்த குப்பம் வரைக்கும் இழுத்துத் திட்டினார். இனிமேல் இந்த வாசலில் காலை வைக்காதே என்றார். சிங்காரவேலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். எல்லையம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கிண்டல் பண்ணவில்லை. வஞ்சிர மீன் துண்டில் பெரியதாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தாள்.

சில நாள் கழித்து வைரக்கண்ணு கொட்டகைக்கு வந்தான். கையில் பெட்டி, ரயிலுக்குப் போகிற வழி.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லாமப் போனா மனசு கேக்காது. அன்னிக்கு நீங்க கெளம்பி, சின்னய்யாவும் உள்ள போனதுக்கப்பறம் வண்டியைத் திருப்பித் தெக்கே பாக்க நிறுத்தி மறுபடி அளந்தேன். ரெண்டு அளவுக்கும் நடுவுல வச்சுத்தான் தகடு போட்டேன். அளவு சரியாத்தான் இருந்துச்சு."

சிங்காரவேலுவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "தரை சாய்வுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"எங்கம்மா கூட்டித் தள்ளுற களம்ணே அது. மழைத் தண்ணி எங்க போவும்னு எனக்குத் தெரியாதா? அதுக்குத்தானே செங்கல்லு வச்சேன்."

"அட பாவிப்பயலே! அங்கேயே சொல்லியிருக்கலாமேடா. நான் தண்ணியைக் கொட்டுறப்பவே சொல்லியிருக்கலாமே!"

"உள்ளதைச் சொன்னேன், பெரியய்யா நம்பினாரா? நீங்க தண்ணியைக் கொட்டுனீங்க. கண்ணால பாத்தாரு, நம்பிட்டாரு. நடுவுல நான் வாயைத் தொறந்திருந்தா எங்கம்மா இன்னிக்கு எங்க படுக்கும்?" அவன் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டான். "வேண்டிய வார்த்தையைச் சொன்னது நீங்கதாண்ணே. மனை விஷயம் தாலுகா ஆபீசுலேயும் நல்லபடியா முடிஞ்சிடும்கிறாங்க. நான் வர்றேன்."

"தை மாசம் பந்தயம் இருக்கே? தம்பி உன்னைக் கூப்பிடலையா?"

"கூப்பிட்டாரு. முன்சீட்டு எப்பவும் எனக்குத்தான்னாரு. மாட்டேன்னுட்டேன். அவுங்கப்பா எங்கம்மாவை நிக்க வச்சுப் பேசறப்ப பக்கத்துலதானே நின்னாரு? டயரை மாத்தலைன்னு ஒரு வார்த்தை சொன்னாரா? அவர் பக்கத்துல எப்படிண்ணே உக்கார்றது?"

வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

தை பிறந்து ஒரு சனிக்கிழமை பியட் கடைத்தெரு வழியாகப் போனது. நசுங்கினது எங்கோ சரி பண்ணப்பட்டிருந்தது. பசுபதி நேரே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். சிங்காரவேலு எல்லையம்மாளின் மீன் கூடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கார் தாண்டிப் போகிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.

"முன்சீட்டு காலியாப் போவுது பாத்தியா?" என்றாள் எல்லையம்மாள்.

"பாத்தேன்."

"அப்பறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? அவனும் மெட்ராசுக்கே திரும்பிப் போயிட்டான். இன்னமுமா அவன்மேல எரிச்சல்?"

"ஆமாண்டி," என்றார் சிங்காரவேலு. "முன்னைக்கு இப்ப ரொம்ப எரியுது. இத்தனை வருஷம் அந்தச் சீட்டுக்கு நாயா அலைஞ்சேன். அவனைக் கூப்பிட்டுக் கொடுத்தாங்க, வேண்டாம்னு சொல்லிட்டுப் போறான்."